ஸ்போர்ட்ஸ் காரின் திறப்பைக் கைமாற்றும் முன்

டுபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில், 2008 முதல் 2014 வரை, வந்து இறங்குகிறவர்களின் கார்களை வாங்கி நிறுத்திக் கொடுக்கும் வலே பார்க்கிங் வேலை செய்தேன். இப்போது மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். வீட்டு வளவில், தகரக் கொட்டகைக்குக் கீழே, 1991இல் தயாரான சிவப்பு மஸ்டா ஒன்று நிற்கிறது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட வண்டி. திறப்பை வாங்குகிறவனின் அவசரத்தையும், கொடுக்கிறவனின் நெஞ்சிடியையும் அனுபவித்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். ஆசையாய் வைத்திருக்கும் காரை வலே பார்க்கிங்கில் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அதற்கு ஒரு விதம் இருக்கிறது.

வலே பார்க்கிங் என்று பலகை போட்ட இடங்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆனாலும் பாசிக்குடாவில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போனால் வாசலில் நிற்கும் தம்பி, “திறப்பைத் தந்துவிட்டுப் போங்கள் அண்ணா, நான் போட்டுவிடுகிறேன்” என்று கை நீட்டுவான். மாமாங்கேஸ்வரர் கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அமிர்தகழி வீட்டு வளவுகளில் வாகனம் விட்டால், பின்னால் நிற்கும் வண்டியை எடுப்பதற்காக உங்கள் திறப்பைக் கேட்பார்கள். கொழும்பில் காலிமுகத்திடலைச் சுற்றியுள்ள பெரிய ஹோட்டல்களில் வேறு வழியே இல்லாத இரவுகள் உண்டு. பெயர் என்னவாக இருந்தாலும் காரியம் ஒன்றுதான்.

என் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பின்னால் வரும் பலவும் அதனுடைய குணங்களைச் சார்ந்தவை. மஸ்டா இந்த மாதிரியை 1989இல் அறிமுகம் செய்தது. இரண்டே இருக்கைகள், 1,600 சிசி இயந்திரம், ஐந்து கியர், பின்சக்கர இழுவை, பொத்தானை அழுத்தினால் எழும்பும் முகப்பு விளக்குகள், கையால் மடிக்கும் துணிக்கூரை. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய வண்டிகளுக்கு வயதெல்லை வேறு இருக்கிறது. ஒரு மட்கார்ட் நெளிந்தால் அடுத்த கடையில் வாங்கிப் பூட்ட முடியாது. எனக்கு வரும் பயம் காசைப் பற்றியது அல்ல.

முதலில், கொடுக்கத்தான் வேண்டுமா?

பலர் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். “இடத்தைக் காட்டுங்கள் தம்பி, நானே நிறுத்துகிறேன்” என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பாசிக்குடாவில் இதுவரை ஒருவரும் எனக்கு மறுத்ததில்லை. அங்கே இடம் தாராளம். ஆனால் நீங்களே நிறுத்தும்போது மேலே பாருங்கள். கடற்கரை ஹோட்டல்களில் நல்ல நிழல் என்றால் அது தென்னை நிழல். குலை தள்ளிய தென்னையின் கீழே துணிக்கூரை வண்டியை விடவே கூடாது. வெயிலில் நிற்கட்டும். பணியாளரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு நன்மை செய்வதாக நினைத்து நிழலில்தான் கொண்டுபோய் விடுவார்.

திறப்பு கொடுக்கத்தான் வேண்டும் என்றால், வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிடாமல் அரை நிமிடம் உள்ளே இருந்து வாசலைக் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரின் திறப்பு எங்கே போகிறது? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த ஆறு வருடங்கள் எனக்குச் சொல்லித் தந்தன. ஒழுங்கான இடத்தில் மூன்று துண்டாகக் கிழியும் சீட்டு இருக்கும்: ஒன்று உங்களுக்கு, ஒன்று திறப்போடு கட்டப்படும், ஒன்று வண்டியின் கண்ணாடிக்குள் வைக்கப்படும். திறப்புகள் பூட்டுள்ள பெட்டியில் இலக்கப்படி தொங்கும், அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஓர் ஆள் அசையாமல் நிற்பார். மாறாக, திறப்புகள் மேசைமேல் ஒரு தட்டில் கிடந்தால், அல்லது பணியாளர்களின் காற்சட்டைப் பைக்குள் போனால், நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அரை மைல் நடந்தாலும் பரவாயில்லை.

இது வெறும் சந்தேக புத்தி இல்லை. 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் வலே பார்க்கிங்கில் கொடுத்த மாருதி சென் கார், மேசையில் இருந்த திறப்பை எடுத்த வேறொருவரால் ஓட்டிச் செல்லப்பட்டது. அந்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சீட்டில் “உரிமையாளரின் பொறுப்பில்” என்று அச்சிட்டுவிட்டதால் மட்டும், தன் பக்கக் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்றும், கவனமாகத்தான் பார்த்துக்கொண்டோம் என்பதைக் காட்ட வேண்டியது ஹோட்டலே என்றும் நீதிமன்றம் சொன்னது. அது இந்தியச் சட்டம். நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனாலும் அந்த வாசகத்தைப் பார்த்த உடனே எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நினைக்கத் தேவையில்லை. சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். வாங்கியதும் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள்.

அந்தப் பக்கத்தில் நடப்பது

திறப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் பணியாளர் உங்கள் வண்டியைப் பறக்கவிடுவார் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை வேகத்தால் வந்தவை அல்ல. தெரியாமையாலும் அவசரத்தாலும் வந்தவை. அப்போது அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவு எட்டு மணிக்கு வாசலில் இருபது கார்கள் வரிசையில் நிற்கும், நாங்கள் ஆறு பேர். ஒரு வண்டியில் ஏறி, இருக்கையை இழுத்து, கியர் எங்கே, விளக்கு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கப் பத்து வினாடிதான். அடுத்த வண்டி பின்னால் ஹோர்ன் அடிக்கும்.

அப்படி ஓர் இரவில் ஒரு வெள்ளைப் போர்ஷேயின் பின்சக்கர ரிம்மை நிலக்கீழ்த் தளத்தின் திருப்பத்தில் கல்லோடு உரசினேன். உரிமையாளர் கைத்தொலைபேசியில் பேசியபடியே திறப்பை நீட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு சொல் பேசவில்லை. பின்சக்கரம் எவ்வளவு அகலம் என்பதை நான் அந்தச் சத்தத்தில்தான் அறிந்தேன். மேற்பார்வையாளரிடம் நானே சொன்னேன். இரண்டு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குக் காசு குறைத்து அனுப்பியதற்கு அம்மாவிடம் காரணம் சொல்ல முடியாமல் இருந்தேன். உங்கள் திறப்பை வாங்கும் பையனுக்கு உங்கள் காரைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது என்பதை நான் அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவன் உங்கள் எதிரியாக இருப்பது மிக அரிது.

ஆகவே அந்தப் பத்து வினாடியை முப்பதாக்கிக் கொடுங்கள். கூட்டம் கூடும் முன்பே போய்ச் சேருங்கள். ஏழு மணி விருந்துக்கு ஆறேகாலுக்குப் போனால் பணியாளருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். பெயரைக் கேளுங்கள். எங்கள் பக்கம் என்றால் தம்பி, கொழும்பில் சிங்களப் பையன் என்றால் மல்லி. முறை வைத்துக் கூப்பிட்டால் முகம் மாறும். “மெனுவல் கியர் ஓட்டிப் பழக்கமா?” என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அவரைக் குறை கூறாமல், பழக்கமுள்ள இன்னொருவரை அனுப்பச் சொல்லுங்கள். இன்றைய இளைஞர்களில் பலர் ஓட்டோ கியரில்தான் கை பழகியவர்கள். அது அவர்களின் பிழை அல்ல.

பிறகு வண்டியின் குணத்தைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. உங்கள் வண்டியில் மற்ற வண்டிகளைப் போல் இல்லாத மூன்று நான்கு காரியங்களைத் தெரிந்தெடுங்கள். என் ரோட்ஸ்டரில் ரிவேர்ஸ் கியர் வலது பக்கம் கீழே, ஐந்தாவதுக்கு நேர் கீழே இருக்கிறது. கிளச் மிதிக்காவிட்டாலும் ஸ்டார்ட் ஆகும் பழைய வண்டி அது. யாராவது கியரில் விட்டுவிட்டுப் போய், அடுத்தவர் திறப்பைத் திருகினால் வண்டி முன்னால் பாயும். அதனால் சமதரையில் நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக் இழுக்கச் சொல்வேன். முகப்பு விளக்குகளைக் கையால் அழுத்தி மூடப் பார்ப்பவர்கள் உண்டு. அது விளக்கை ஏற்றி இறக்கும் மோட்டாரைக் கெடுக்கும், பொத்தானைக் காட்டிவிடுவேன். வண்டியின் அடிப்பாகம் தரைக்குத் தாழ்வாக இருப்பதால் சரிவுப்பாதையில் நேராக இறங்காமல் சற்றே சாய்வாக இறங்கச் சொல்வேன்.

கூரையைப் பற்றிச் சொல்ல மறந்த ஒரு நாள் இன்னும் மனதில் கிடக்கிறது. கொழும்பில் உறவினர் ஒருவரின் கலியாணம். கூரையைத் திறந்தபடியே போய் இறங்கி, திறந்தபடியே திறப்பைக் கொடுத்தேன். இரவு மழை வந்திருக்கிறது. அந்தப் பையன் ஓடிப்போய்க் கூரையை இழுத்து மூடியிருக்கிறான். இருக்கைகளில் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் நான் கேட்டபோது, தந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்று கூரையை மறுபடி மடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். இந்த வண்டியின் பின்கண்ணாடி பிளாஸ்டிக். கூரையை மடிக்கும் முன் அதன் ஸிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கைத் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் முறியும். முறிந்தது. கல்லடி திரும்பும் வரை, ஹபரணை தாண்டி வெலிகந்தைக் காட்டுப்பாதையிலும், கிழிந்த இடத்தில் காற்று அடித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மழையில் நனைந்து என் வண்டியைக் காப்பாற்றியவன் அவன். கூரையை மூடிப் பூட்டி, “இதைத் தொடவே வேண்டாம்” என்று கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

அன்போடு செய்யப்படும் இன்னொரு சேதம் துடைப்பது. எங்கள் கரையோரத்தில் உப்புக் காற்றும் மெல்லிய மணலும் வண்டிமேல் படிந்துகொண்டே இருக்கும். வண்டியைத் திருப்பித் தரும் முன் நன்றாக இருக்கட்டும் என்று பணியாளர் காய்ந்த துணியால் ஒரு துடை துடைப்பார். மணலோடு சேர்ந்து அது பெயின்டில் வட்ட வட்டமாகக் கீறும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும். “துடைக்க வேண்டாம் தம்பி, வீட்டில் தண்ணீர் அடித்துக் கழுவுவேன்” என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்வரிசையைக் கேளுங்கள்

நான் தரக்கூடிய ஆலோசனைகளில் இதற்குத்தான் அதிக பயன். பெரிய ஹோட்டல்களில் வாசலுக்கு நேரே நாலைந்து இடங்களை விட்டுவைத்திருப்பார்கள். அழகான வண்டிகளை அங்கே நிறுத்துவது ஹோட்டலுக்கும் பெருமை. அங்கே நிற்கும் வண்டி நிலக்கீழ்த் தளத்துக்குப் போவதில்லை, தூணுக்கும் சுவருக்கும் இடையில் திருப்பப்படுவதில்லை, இன்னொரு வண்டிக்கு வழிவிட நகர்த்தப்படுவதில்லை. கமராவும் காவலாளியும் எந்நேரமும் அதன் மேல் கண். வண்டி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை. பழையதும் பளபளப்பானதும் போதும். மேற்பார்வையாளரிடம் நேரே கேளுங்கள்: “வாசலில் ஓர் இடம் இருந்தால் அங்கேயே விடலாமா?” நான் வேலை செய்த காலத்தில், இப்படிக் கேட்டவர்களுக்கு இடம் இருந்தால் கொடுத்திருக்கிறோம். கேட்காதவர்களுக்குக் கொடுக்க எங்களுக்குத் தோன்றாது.

அன்பளிப்பையும் இதோடு சொல்கிறேன். வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்குத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். பல இடங்களில் கொண்டுபோனவர் வேறு, கொண்டுவருகிறவர் வேறு. கவனம் வேண்டும் என்றால் கொடுக்கும்போதே கொடுங்கள். நான் திறப்போடு ஐந்நூறு ரூபாய் கொடுப்பேன், வரும்போது இன்னொரு ஐந்நூறு. மற்றவர்கள் பார்க்கும்படி வீசிக் கொடுக்காமல், கை குலுக்குவது போலக் கொடுங்கள்.

கையளிக்கும் முன் எடுக்க வேண்டியவை

வீட்டுத் திறப்பைக் காரின் திறப்பு வளையத்திலிருந்து கழற்றுங்கள். இதற்காகவே என் வளையம் இரண்டாகப் பிரியும். வாகனப் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி வண்டிக்குள் ஒருநாளும் இருக்கக் கூடாது. காப்புறுதிச் சான்றும் வருமான அனுமதிப்பத்திரமும் இருக்கட்டும், ஏனென்றால் பணியாளர் தெருவில் ஓட்ட நேர்ந்து பொலிஸார் மறித்தால் அவை வேண்டும். பணம், நகைப் பெட்டி, மடிக்கணினி ஆகியவற்றை டிக்கிக்கு மாற்றுவதானால் வீட்டிலிருந்து புறப்படும்போதே மாற்றுங்கள். ஹோட்டல் வாசலில் நின்று மாற்றினால் எங்கே வைத்தீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சில ஜப்பானிய வண்டிகளோடு டிக்கியைத் திறக்காத தனித் திறப்பு ஒன்று வரும். உங்களிடம் இருந்தால் அதையே கொடுங்கள்.

கைத்தொலைபேசியில் வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். நான்கு ரிம்களும், முன் பம்பரின் அடிப்பக்கமும், கடைசியில் ஓடிய தூரமும் பெற்றோல் முள்ளும் தெரிய வேண்டும். பணியாளர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள். பழைய கீறல்கள் இருந்தால் நீங்களே காட்டி, சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. நான் வேலை செய்த நாட்களில் அப்படிக் காட்டியவர்களை நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

புதிய வண்டிகளில் இதற்கென்றே வசதிகள் வந்துவிட்டன. ஷெவர்லே நிறுவனத்தின் 2015 மாதிரி கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வலே மோட் என்று ஒன்றை வைத்தார்கள். உரிமையாளர் இல்லாத நேரத்தில் வீடியோவும் குரலும் வேகமும் பதிவாகும், உள்ளே உள்ள பெட்டிகள் பூட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் குரலைப் பதிவு செய்வது அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டத்தை மீறக்கூடும் என்று, 2014இல் அந்த நிறுவனமே உரிமையாளர்களை எச்சரிக்க வேண்டி வந்தது. என் வண்டியில் சாதாரண கமரா ஒன்றும் ஜிபிஎஸ் கருவி ஒன்றும் இருக்கின்றன. கமரா ஓடுகிறது என்பதை நான் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். ஒளித்து வைத்துப் பிடிப்பதைவிடச் சொல்லி வைப்பது அதிகம் காக்கும். மனிதரை மதிப்பதும் அதுதான்.

காப்புறுதியை வீட்டில் இருக்கும்போதே வாசியுங்கள். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. அப்படியானால் யாரிடமும் கொடுக்காதீர்கள். முழுக் காப்புறுதி இருந்தாலும், உங்கள் அனுமதியோடு வேறொரு சாரதி ஓட்டும்போது செல்லுபடியாகுமா, ஹோட்டல் பணியாளர் போன்ற கூலிச் சாரதிகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய வண்டிக்கு மதிப்பீட்டு அறிக்கையைப் புதுப்பித்து வைத்திருப்பதும் நல்லது.

திரும்ப வாங்கும்போது

வெளியே வந்த களைப்பில் ஏறி ஓட்டிவிடாதீர்கள். தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு சுற்று வாருங்கள். கதவைவிட முதலில் பார்க்க வேண்டியவை ரிம்களும் முன் பம்பரின் அடியும். சரிவும் கல்லும் அங்கேதான் தொடும். ஓடிய தூரத்தை வீடியோவோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு கிலோமீற்றர் கூடியிருந்தால் தரிப்பிடம் தூரமாக இருக்கலாம். பத்து கூடியிருந்தால் கேளுங்கள்.

சேதம் கண்டால் வண்டியை அந்த இடத்தைவிட்டு அசைக்காதீர்கள். படம் எடுங்கள், பணியாளரோடு சண்டை பிடிக்காமல் முகாமையாளரை வரச் சொல்லுங்கள், நடந்ததை ஹோட்டலின் கடிதத் தலைப்பில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள், கமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். அங்கே நின்றபடியே காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். ஆள் வந்து பார்க்கும் வரை காத்திருங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றிரவே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள்.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு நான் ஒரு சிறிய அட்டை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். சிங்களத்தை நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். திறப்பைக் கொடுக்கும்போது அதை ஸ்டேரிங் மேல் வைத்துவிடுவேன், ஏனென்றால் நான் பேசியது கொண்டுபோனவருக்கு மட்டுமே தெரியும், திருப்பி எடுத்து வருபவருக்குத் தெரியாது. தமிழ்ப் பக்கத்தில் இருப்பது இது:

“வணக்கம். கிளச்சை முழுதாக மிதித்துப் பின் ஸ்டார்ட் செய்யுங்கள். ரிவேர்ஸ் வலது கீழே. நிறுத்தும்போது நியூட்ரல், ஹேண்ட்பிரேக். கூரையையும் முகப்பு விளக்கையும் தொட வேண்டாம். துடைக்க வேண்டாம். தென்னையின் கீழ் வேண்டாம். ஏதாவது பட்டுவிட்டால் பயப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். நானும் இந்த வேலை செய்தவன்.”